தோல் தொப்பியின் மேல் ஒற்றைக் கால்

புதுச் செருப்பு கடிக்கிறது என்று அதன் வாருக்கு விளக்கெண்ணெய் தடவி, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். சாரல் அடித்திருக்கிறது. அரைமணி கழித்து அறைக்குள் நுழைந்தால் அங்கே செருப்பு இல்லை, சித்தப்பாவின் தலை இருந்தது.

நனைந்த தோலும் விளக்கெண்ணெயும் சேர்ந்த வாசனை. உங்களில் சிலருக்கு அது குதிரை லாயமாக இருக்கும், சிலருக்கு வயிற்றுவலி. நமக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்டு வளர்ந்தவர்கள். எனக்கு அது ஒரு தொப்பி. கால்பந்தாட்டத்தில் கோல்கீப்பர் போட்டுக்கொண்ட தோல் தொப்பி. அதன் நெற்றியில் வெள்ளையாக ஒரு குழந்தையின் காலடி. அந்தக் காலடி எப்படி அங்கே வந்தது, அதற்கு என்ன அர்த்தம் என்று மைசூரில் நாலு கதை உண்டு. நாலும் தப்பு. அது வந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். பக்கத்தில் ஒரு பசு நின்றிருந்தது, அதைச் சேர்க்கவில்லை.

சுதந்திரம் வந்து மூன்றாவதோ நான்காவதோ மழைக்காலம். எனக்கு ஒன்பது வயது. மைசூர் மழை வாசலில் வந்து நின்று கத்துகிற மழை இல்லை. முதலில் சாமுண்டி மலையை அழிக்கும். பிறகு அரண்மனைக் கோபுரங்களை. பிறகு எங்கள் தெருக்கோடியை. எல்லாவற்றையும் அழித்து முடித்துச் சாவகாசமாக நனைக்கும். அந்த மழையில்தான் எங்கள் பேட்டை டீம் பந்து விளையாடியது. பூட்ஸ் கிடையாது, பதினொரு பேரும் வெறுங்கால். சீருடை என்றால் பனியனை நீலத்தில் முக்கி எடுத்தது. பதினொரு வீட்டு நீலம், பதினொரு விதம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே வானத்தைப் பதினொரு வேளைகளில் பார்க்கிற மாதிரி இருக்கும்.

சித்தப்பா அந்த டீமின் கோல்கீப்பர். அப்பாவின் ஒரே தம்பி. இருபத்திரண்டு வயது, இண்டர்மீடியட் இரண்டு தடவை தவறியாயிற்று. கை மட்டும் அசாத்திய நீளம். "உக்காந்த இடத்துலேர்ந்தே பரண்ல இருக்கற ஊறுகாய் ஜாடியை எடுப்பான்" என்பாள் அம்மா. அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அவருக்கு நாலு வயது. மாமியார் இல்லாத வீடு. அவருக்குத் தலை வாரி, சாதம் பிசைந்து போட்டு, சிலேட்டில் எழுத்து சொல்லிக்கொடுத்து வளர்த்தவள் பதினாலு வயது மன்னி. நான் அம்மா என்று கூப்பிடுவதைவிட அவர் மன்னி என்று கூப்பிடுவதில் உரிமை ஜாஸ்தி. எனக்கு அதில் நிறையப் பொறாமை.

டீமின் கேப்டன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்போது கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்த ஹனூர்ப் பக்கத்து ஆள். எங்கள் வீட்டுத் தமிழும் அவர் தமிழும் ஒரே வயிற்றில் பிறந்து வேறு வேறு ஊரில் வளர்ந்தவை. பஸ் நெற்றியில் ஊர்ப்பெயர் எழுதுவதும் அவர்தான். கொள்ளேகாலம், குண்டலுபேட்டை என்று வெள்ளை பெயிண்டில் கன்னட எழுத்துக்களை ஜிலேபி பிழிகிற மாதிரி பிழிவார். சித்தப்பாவை அவர் கூப்பிடுவது "ஐயங்காரே" என்று. பந்து கோலுக்குள் போய்விட்டால் மட்டும் "என்னுங்க ஐயங்காரே" என்று ஒரு மரியாதை கூடும். அந்த மரியாதைக்குச் சித்தப்பா பயப்படுவார்.

ஆடி மாதம். சேற்றில் வழுக்கிப் பாய்ந்த சித்தப்பா பந்தைப் பிடித்தார். அவரைக் கோல் கம்பம் பிடித்தது. நல்ல சவுக்குக் கம்பம்.

ஆபீஸிலிருந்து வந்துகொண்டிருந்த அப்பா மைதானத்து ஓரத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்திருக்கிறார். அப்பா ஹெட்கிளார்க். பஞ்சகச்சம், மூடின கோட்டு, தலையில் சரிகைப் பேட்டா. அந்தத் தலைப்பாகையைத் தினமும் கண்ணாடி முன்னால் பத்து நிமிஷம் நின்று கட்டுவார். அது இல்லாமல் தெரு அவரைப் பார்த்ததில்லை. அன்று அதை அவிழ்த்துத் தம்பியின் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஜட்கா வண்டியில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏழு தையல். விளக்கு வைத்த பிறகு வெறுந்தலையோடு அப்பா வீட்டு வாசலில் வந்து நின்றதும், யாரோ வேற்றாள் என்று நான் உள்ளே ஓடியதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தப் பேட்டாவில் சரிகை பிழைத்தது. துணி பிழைக்கவில்லை.

அதே இடத்தில் இன்னொரு அடி பட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொன்னார். அப்பா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

"இனிமே பந்தைத் தொட்டா இந்த ஆத்துல உனக்குத் தளிகை இல்லை. ஆயித்து."

தளிகை என்றால் சாப்பாடு; கடைசி வார்த்தை கன்னடம், முடிந்தது என்று அர்த்தம். அப்பாவுக்குக் கோபம் எங்கே முடிகிறதோ அங்கே கன்னடம் வரும். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. அன்றைக்கு நாங்கள் எல்லாரும் அதைக் கோபம் என்றுதான் நினைத்தோம். பயத்துக்கும் கோபத்துக்கும் ஒரே சட்டைதான் போட்டுவிடுவார்கள் அந்தக் காலத்து அப்பாக்கள். ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

பத்து நாள் கழித்து கேப்டன் கொல்லைப்புறச் சந்து வழியாக வந்தார்.

"அக்கா, ஐயங்காரு மண்டைக்கு ஒரு வூடு கட்டிக் கொண்டாந்திருக்கறனுங்க."

பெரிய யுத்தம் முடிந்து, பட்டாளத்துச் சாமான்கள் பழைய சாமான் சந்தையில் குவிந்து கிடந்த காலம் அது. விமானம் ஓட்டுகிறவர்கள் போடுகிற தோல் தொப்பி ஒன்று அவருக்கு அகப்பட்டிருக்கிறது. காதை மூடும் மடல்கள், தாடைக்கு வார். உள்துணியைப் பிரித்து இலவம்பஞ்சைத் திணித்து, டயர் தைக்கிற ஊசியால் தைத்திருந்தார். "எல்மெட்டு" என்று பெயரும் வைத்திருந்தார்.

"தோலா? அங்கேயே நில்லு" என்றாள் அம்மா. "மாடு கட்டற இடத்துல ஒரு ஆணி இருக்கு, அதுல மாட்டு."

"பசு பாத்தா ஒண்ணும் நெனச்சுக்காதுங்களா?"

"உன்னைவிட அதுக்கு விவரம் ஜாஸ்தி."

தொப்பி விறைத்துப்போய், தட்டினால் டப்பா மாதிரி சத்தம் கொடுத்தது. விளக்கெண்ணெய் விட்டு ஊற வைத்தால் மிருதுவாகும் என்றார் கேப்டன். அவர் தேங்காய்ச் சிரட்டையை நீட்ட, தோல் தொட்ட கைக்கும் தன் கைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்டு அம்மா மேலிருந்து எண்ணெயை ஊற்றினாள். நூல் மாதிரி விழுந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

"இன்னும் எச்சா ஊத்துங்கக்கா. செத்தும் தாகம் அடங்காத மாடாட்டம் இருக்குது."

அப்பா மாட்டுக்கொட்டில் பக்கம் போகிறவர் இல்லை. பால் அங்கிருந்து வருகிறது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். காலையில் பத்து மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வருவார். நடுவிலே சித்தப்பா எண்ணெய் வழிகிற தொப்பியோடு மைதானத்துக்குப் போய் வருவார். அம்மா எதையும் பார்க்கவில்லை என்கிற முகத்தோடு முறம் புடைப்பாள். அவர் திரும்பி வந்ததும் தலையை மட்டும் குனியச் சொல்லி, தையல் போட்ட இடத்தை வெளிச்சத்தில் பார்ப்பாள். தொடமாட்டாள். பார்ப்பாள்.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. ஸ்ரீஜயந்திக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மில் டீமோடு ஆட்டம். அதைப் பார்க்க பெங்களூரில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஆள் வருகிறார். அவர்கள் டீமுக்குக் கோல்கீப்பர் வேண்டும். பிடித்துவிட்டால் தொழிற்சாலையிலேயே வேலை.

"வேலைன்னா என்ன வேலை?" என்று அம்மா கேட்டாள்.

"காத்தால மெசினு, சாயங்காலம் பந்துங்கக்கா."

"ஆடினா வேலையா?"

"ஐயங்காரு ஆடுனா வேலைங்க. நானு ஆடுனா வேடிக்கைங்க."

இரண்டு தடவை தவறினவனுக்கு வேறு எந்தக் கதவும் திறக்காது என்று சித்தப்பாவுக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஏழு தையலும் இருவருக்கும் தெரியும்.

இனி ஸ்ரீஜயந்தி. எங்கள் வீடுகளில் கண்ணன் பிறந்த நாளுக்கு வாசலிலிருந்து பெருமாள் சன்னிதி வரை அவன் நடந்து வந்த மாதிரி மாவால் காலடி வைப்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அரிசியை ஊறவைத்து நைய அரைத்துக் கரைத்து, முஷ்டியை மூடி, சுண்டுவிரல் பக்கத்தை அதில் தோய்த்துத் தரையில் ஒற்றினால் குழந்தையின் உள்ளங்கால். விரல் நுனியால் மேலே ஐந்து பொட்டு வைத்தால் விரல்கள். அம்மா வைக்கிற கால்கள் வெறும் கோலமாக இருக்காது, நடக்கும். ஒரு கால் கொஞ்சம் அழுந்தி, அடுத்த கால் கொஞ்சம் தூக்கி, நிலைப்படிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று யோசித்து, பிறகு தாண்டி. இந்த வயது வரை எத்தனையோ சித்திரங்கள் பார்த்துவிட்டேன். ஓடி வந்த மூச்சோடு இருந்த கால்களை வேறெங்கும் பார்க்கவில்லை.

அன்று அவளுக்கு முழு விரதம். பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. விடியலில் தீர்த்தமாடி மடி உடுத்தினால், பூஜை முடிகிற வரை யாரும் அவளைத் தொடக்கூடாது. நான் கிட்டே போனால் "தள்ளி, தள்ளி" என்பாள். ஆகவே கொல்லையில் கொய்யா மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். கொல்லைப்புறத்திலிருந்தும் ஒரு வரிசை கால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். வெண்ணெய் திருட அவன் அந்த வழியாகத்தான் வருவான் என்று. கிண்ணத்தோடு அம்மா மாட்டுக்கொட்டில் வாசலில் குனிந்து ஆரம்பித்தாள். நாலு கால் வைத்தாள். நிமிர்ந்தாள். எதிரே ஆணியில் தொப்பி.

எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்லத் தெரியவில்லை. பசு ஒரு தடவை காதை ஆட்டியது. அம்மா முஷ்டியை மாவில் தோய்த்தாள். இடது கையால் தொப்பியின் பின்புறத்தைத் தாங்கிப் பிடித்து, அதன் நெற்றியில் முஷ்டியை அழுத்தினாள். குழந்தையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்க்கிற அளவு நேரம். எடுத்தாள். ஐந்து பொட்டு வைத்தாள்.

பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். உடுத்திய புடவையோடு, குடம் குடமாக இழுத்து, தலையில் ஊற்றிக்கொண்டாள். ஆவணி மாதத்து மூன்று மணி, மேகம் மூடின வெளிச்சம், விறைக்கிற தண்ணீர், காலையிலிருந்து எதுவும் போகாத வயிறு. உதடு நீலமாகிவிட்டது. மாவு கிண்ணத்தோடு தீட்டாகிவிட்டதால் அதைக் கொட்டிவிட்டு, மறுபடி அரிசி அரைத்தாள்.

பண்டிகை விடுமுறை என்று வீட்டில் இருந்த அப்பா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "என்ன, ரெண்டாம் தடவை தீர்த்தமாடறே?"

"பல்லி விழுந்துடுத்து."

"எங்கே?"

"மாட்டுக்கொட்டில்ல."

"அது இல்லை. உன் மேல எங்கே?"

"கையில."

"வலதா, இடதா?"

"வலது."

அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, பஞ்சாங்கத்தை எடுத்து, பல்லி விழும் பலன் பார்த்துச் சத்தமாக வாசித்தார். என்ன பலன் என்று நினைவில்லை. அவர் திருப்தியாகத் தலையாட்டினது நினைவில் இருக்கிறது.

மறுநாள் முறுக்கும் சீடையும் வாங்கிக்கொண்டு போக கேப்டன் வந்தார். தொப்பியைப் பார்த்தார். காய்ந்த மாவில் கால் பளிச்சென்று இருந்தது.

"அக்கா நம்ம டீமுக்குச் சின்னம் போட்டுருக்காங்க" என்றார் சித்தப்பாவிடம். "வெறுங்காலு! நாம பூட்சில்லாம ஆடறமல்ல, அதுக்குங்க. எத்தன நாளா நானு மண்டயப் பிச்சுட்டிருந்தேன், புலி போடலாமா, யானை போடலாமான்னு. மாவு உதுந்துருமுங்க. கெட்டிப் பண்ணிக் கொண்டாறேன்."

அம்மா உள்ளே இருந்தாள். கேட்டிருப்பாள். வெளியே வரவில்லை. கேப்டன் தொப்பியை டிப்போவுக்குக் கொண்டுபோய், மாவின் விளிம்பு பிசகாமல் வெள்ளை பெயிண்ட் பூசி, சனிக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தார். அன்று அரை நாள் ஆபீஸ். அப்பா கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

கேப்டன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பெரிய கை, ஆனாலும் தொப்பி அதைவிடப் பெரிது. அப்பா பார்த்துவிட்டார். தம்பி மறுபடி ஆடுகிறான் என்பதையும் அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டார். ஆனால் பேசினது அதைப் பற்றி இல்லை.

"திருவடியா? பெருமாள் திருவடியை மாட்டுத் தோல்லயா எழுதறேள்? சடாரியைப் பரிகாசம் பண்றேளா?"

கோயிலில் சேவித்துக் குனிந்தால் பட்டர் நம் தலையில் வைத்து எடுப்பாரே, பெருமாள் பாதம் பொறித்த கிரீடம் மாதிரி ஒன்று, அதுதான் சடாரி. தலை, தலைக்கு மேல் மூடி, மூடியின் மேல் கால். எங்கள் வீட்டு மனிதருக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும்?

"யார் எழுதினது?"

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் கேப்டன் முந்திக்கொண்டார். "நாந்தானுங்க சாமி. பஸ்சுக்கு எழுதற கை, சும்மா இருக்க மாட்டீங்குது."

அப்பா தொப்பியை ஒரு குச்சியால் வாங்கி, விறகுக் கொட்டகையில் போட்டுப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். "ஆயித்து" என்றார்.

அடுத்த நாள் சாப்பாடு ஆனதும் அப்பா கூடத்தில் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு சாய்ந்துவிட்டார். ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம். கொல்லையில் சித்தப்பா பனியன் மாட்டிக்கொண்டு நின்றார், எதிரே கேப்டன்.

"தொப்பி இல்லாமயே ஆடறேன் ஓய்."

"வேண்டாமுங்க ஐயங்காரே. வேற ஆள நிறுத்திக்கறேன்."

"யாரை? உங்க டிப்போ க்ளீனரையா? அவன் பந்து வந்தா கும்பிட்டுட்டு வழி விடறான்."

"வழி விட்டா ஒரு கோலு போகும். உங்களுக்கு மண்ட போச்சுன்னா?"

"வேலை போச்சுன்னா?"

அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தாள், கையைக் கழுவினாள், கூடத்துக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"சாவியைக் குடுங்கோ."

"எந்தச் சாவி?" பேப்பர் தாழவில்லை.

"பூணல்ல இருக்கற சாவி."

"திருவடியைத் தோல்ல எழுதினவனுக்கு நான் கதவு திறந்து விடணுமா?"

"அவன் எழுதலை. நான் வெச்சேன்."

பேப்பர் இறங்கியது.

"நீயா?"

"இந்தக் கையால. அவன் மேலே பெயிண்ட் பூசினான், அவ்வளவுதான்."

"என்னிக்கு?"

"ஸ்ரீஜயந்தியன்னிக்கு."

"விரதத்தோடயா? மடியோடயா?"

"ரெண்டோடயும். அப்புறம் தீர்த்தமாடினேன்."

அப்பா யோசித்தார். பழைய ஃபைலைப் புரட்டுகிற முகம். "அன்னிக்குப் பல்லி விழுந்துதுன்னியே."

"பல்லியும் விழலை, ஒண்ணும் விழலை."

"நான் பஞ்சாங்கம் பார்த்துப் பலன் சொன்னேனே!"

"சொன்னேள். கேட்டுண்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள். போய்விட்டது.

"தோல்டீ அது" என்றார் அப்பா. குரலில் முதல் தடவையாகக் கன்னடமும் இல்லை, கோபமும் இல்லை.

"மிருதங்கமும் தோல்தான். உங்க பஜனை கோஷ்டில அதைப் பட்டுல சுத்தின்னா வெச்சிருக்கா? சடாரின்னேளே, சன்னிதில குனிஞ்சவா எல்லாருக்கும் பட்டர் வெக்கறார். இவன் சன்னிதிக்கு வரமாட்டான், மைதானத்துக்குத்தான் போவான். அங்கே வந்து யார் வெப்பா?"

"திருப்பியும் அங்கேயே அடி பட்டா?"

"அதுக்குத்தான் தொப்பி."

"தொப்பி போறலைன்னா?"

"போறாதுன்னுதான் கால் வெச்சேன்."

அப்பா மார்பில் இருந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். இறுகியிருந்தது, வரவில்லை. அம்மா குனிந்து அவிழ்த்தாள்.

மைதானத்துக்கு நான் கேப்டனின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து போனேன். மழை மலையை ஏற்கெனவே அழித்திருந்தது. சித்தப்பா தொப்பியோடு கோலுக்கு முன்னால் போய் நின்றதும் மில் டீம் பக்கத்துக் கூட்டத்திலிருந்து கன்னடத்தில் ஒருத்தன் கத்தினான்: டேய், எவனோ அவன் தலையில் மிதித்துவிட்டுப் போயிருக்கிறான்! ஊரே சிரித்தது. இன்னொருத்தன்: ஒரு கால்தான் இருக்கிறது, இன்னொரு கால் எங்கே? கேப்டன் பந்தை நடுவில் வைத்துக்கொண்டே அதே கன்னடத்தில் திருப்பிக் கொடுத்தார்: இன்னொன்று இதோ இந்தப் பந்தின் மேல், வந்து வாங்கிக்கொள்! இப்போது ஊர் எங்கள் பக்கம் சிரித்தது.

முதல் பாதியில் ஒரு கோல் போயிற்று. அது சித்தப்பாவின் தப்பு இல்லை, சேற்றின் தப்பு. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. அந்த நீளக் கைகள்! மழைக்குள் இருந்து அவை வருவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து எங்கே போகப் போகிறதோ அங்கே முன்னாலேயே போய்க் காத்திருந்த மாதிரி இருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். மில் டீம் ஆள் ஒருத்தன் தனியாக வந்தான். சித்தப்பா அவன் காலடியில் பாய்ந்தார். பந்தோடு உருண்டார். கம்பம்.

அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. கூட்டத்துக்குப் பின்னால் ஒரு குடை தலைகீழாகப் புரண்டு தரையில் விழுந்ததைப் பார்த்தேன். குடைக்குப் பக்கத்தில் அப்பா.

சித்தப்பா எழுந்தார். தொப்பியின் பக்கவாட்டுத் தையல் விட்டு இலவம்பஞ்சு ஈரத்தோடு வெளியே தொங்கியது. தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையில் பஞ்சுதான், சிவப்பு இல்லை. இன்னொரு கையில் பந்து.

ஒரு கோலில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் கோட்டு போட்ட பெங்களூர்க்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, பெரியவராகத் தெரிந்த அப்பாவிடம் கேட்டார்: "ஆ ஹெஜ்ஜே ஹுடுக யாரு?" அந்தக் காலடிப் பையன் யார் என்று. அப்பா குடையைக்கூட எடுக்காமல் நனைந்துகொண்டிருந்தார்.

"நன்ன தம்மா" என்றார். என் தம்பி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தொப்பி கிழிஞ்சுடுத்து. தைக்கச் சொல்லு."

அதற்குப் பிறகு அந்தக் கால் எங்கள் டீமின் சின்னமாகிவிட்டது. பனியன் மார்பில், சைக்கிள் மட்கார்டில், டிப்போச் சுவரில். புதிதாகக் கோலுக்கு நிற்கிறவன் அந்தத் தொப்பியைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேப்டன் விதி செய்தார். பிறகு நாலைந்து வருஷத்தில் அது எந்த ஊர் பஸ்ஸின் எந்த ஸீட்டுக்கு அடியில் போயிற்றோ, காணோம். காலின் அர்த்தம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. வெறுங்காலின் பெருமை என்று கேப்டன் கடைசி வரை சொன்னார். தோற்றவர்களின் தலையில் மிதித்த கால் என்று மில் டீமுக்குப் பதில் சொன்னவர்கள் உண்டு. அது சடாரிதான், யோசனை தன்னுடையதுதான் என்று அப்பா கோயில் பிராகாரத்தில் நாலு பேரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பிற்பாடு ஒரு விழாவில் மாலை போட்டுக்கொண்ட ஒருவர் மைக்கில் முழங்கினார், புதிதாகப் பிறந்த தேசம் எடுத்து வைத்த முதல் அடி அது என்று. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மூன்று மணிக் குளிரில், வெறும் வயிற்றோடு, குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டவள் அந்த மேடையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அவள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டாள்.

முந்திக்கொண்டு எங்கேயோ போய்விட்டேன். ஸ்டேஷன் மிச்சம் இருக்கிறது.

ஐப்பசி பிறந்த வாரம், வேலை உத்தரவோடு பெங்களூர் வண்டி. தகரப் பெட்டி, படுக்கை, சாத்தமுதுப் பொடி என்கிற ரசப்பொடி ஒரு டப்பா. அப்பா பெங்களூரில் எங்கே தண்ணீர் குடிக்கக்கூடாது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டன் பிளாட்பாரத்தில் குந்தி உட்கார்ந்து, "அங்க பூட்சு குடுப்பாங்களாமுங்க ஐயங்காரே. காலு நொந்துச்சுன்னா ஒரு கடுதாசி போடுங்க, வந்து கழட்டி உடறேன்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைச் சித்தப்பா ஜன்னல் வழியாகத் தூக்கி ஒரு நிமிஷம் ஸீட்டில் உட்காரவைத்து, திரும்ப இறக்கிவிட்டார்.

அம்மா ஜன்னலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். மணி அடித்தார்கள்.

"மன்னி, ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு அதுல ஏன் கால் வெச்சேள்? அண்ணா கேட்டா சடாரிங்கறார். இவன் வெறுங்கால்ங்கறான்."

"மாவு நீர்த்துப் போச்சோன்னு பாத்தேன்."

"என் தொப்பியிலயா?"

"எதிர்க்க அதுதான் தொங்கித்து."

சித்தப்பா சிரித்தார். பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே இருந்தது. முடி வளர்ந்து தையலை மூடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு தடவை குலுங்கி, மெதுவாக நகர்ந்தது.

"நிஜத்தைச் சொல்லுங்கோ மன்னி!"

அம்மா கூடவே நாலடி நடந்தாள்.

"வண்டி போறது பாரு. தலையை உள்ள இழுத்துக்கோ."